நாய்களுக்கு வரும் குஷிங் நோய்: ரத்தக்கட்டியைப் பற்றியும் பேச வேண்டும்

"வயசாயிடுச்சு, அதான்" என்ற சமாதானத்துக்குள் வீட்டு நாய்களின் எத்தனையோ நோய்கள் மறைந்துகொள்கின்றன. எட்டு, ஒன்பது வயதான நாய் வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தண்ணீர் குடிக்கிறது. சிறுநீர் கழிக்க நள்ளிரவில் கதவைப் பிறாண்டுகிறது. எவ்வளவு சாப்பிட்டாலும் தட்டைவிட்டு நகர மறுக்கிறது. வயிறு சரிந்து தொங்குகிறது. கால்களோ மெலிந்துகொண்டே போகின்றன. உடலின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி முடி கொட்டுகிறது. மின்விசிறிக்குக் கீழே படுத்திருக்கும்போதும் மூச்சு வாங்குகிறது. ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தால் முதுமை என்றே தோன்றும். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் கால்நடை மருத்துவருக்கு முதலில் வரும் சந்தேகம் குஷிங் நோய்.

கார்டிசால் என்ற ஹார்மோன் உடலில் அளவுக்கு மீறி இருப்பதால் வரும் கோளாறு இது. நாய்களுக்கு வரும் ஹார்மோன் நோய்களில் அடிக்கடி காணப்படுபவற்றில் ஒன்று. தாகம், பசி, முடி உதிர்தல் பற்றியெல்லாம் மருத்துவர்கள் விளக்குகிறார்கள். மாத்திரை எழுதித் தருகிறார்கள். ஆனால், இந்த நோய்க்கு இன்னொரு பக்கம் உண்டு. கார்டிசால் மிகுந்த உடலில் ரத்தம் உறைவதற்குத் தயாராகவே ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கோ ஒரு நாளத்தில் உருவாகும் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொண்டால், நேற்றுவரை நடமாடிய நாய் சில மணி நேரத்தில் இறந்துபோகலாம். வளர்ப்பவர்களிடம் மிகக் குறைவாகப் பேசப்படும் பகுதி இதுதான். நோய் உறுதியாகும் அன்றே இந்தப் பேச்சும் நடந்தாக வேண்டும்.

கார்டிசால் கூடும்போது

சிறுநீரகங்களுக்கு அருகில் இரண்டு சிறிய அட்ரினல் சுரப்பிகள் இருக்கின்றன. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி உத்தரவிட, இவை கார்டிசாலைச் சுரக்கின்றன. நெருக்கடியைத் தாங்கவும், சர்க்கரை அளவைக் காக்கவும், அழற்சியைக் கட்டுக்குள் வைக்கவும் உடலுக்கு இந்த ஹார்மோன் வேண்டும். தேவைக்கு மேல், மாதக்கணக்கில் அது கொட்டிக்கொண்டே இருப்பதுதான் நோய்.

இயற்கையாக இந்த நோய் வரும் 100 நாய்களில் 80 முதல் 85 நாய்களுக்குக் காரணம் பிட்யூட்டரியில் வளரும் கட்டி. அது பெரும்பாலும் மிகச் சிறியது, புற்றாக மாறாதது. மீதி நாய்களுக்கு அட்ரினல் சுரப்பியிலேயே கட்டி இருக்கும். பூடில், டாஷ்ஹண்ட், பீகிள், பாக்ஸர் போன்ற இனங்களில் இது அதிகம் பதிவாகியிருக்கிறது. நடுவயதைத் தாண்டிய நாய்களுக்கே பெரும்பாலும் வருகிறது. மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. அது மனிதர்கள் கொடுக்கும் ஸ்டீராய்டு மருந்தால் வருவது.

கார்டிசால் மிகும்போது சிறுநீரைச் செறிவாக்கும் ஹார்மோனின் வேலை தடைபடுகிறது. நீர்த்த சிறுநீர் அதிகமாக வெளியேறுகிறது. அந்த இழப்பை ஈடுகட்டத்தான் நாய் ஓயாமல் தண்ணீர் குடிக்கிறது. ஒரு நாளில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 100 மில்லிக்கு மேல் குடித்தால் அது மிகைத் தாகம் என்று கொள்வது வழக்கம். 10 கிலோ எடையுள்ள நாய் என்றால் ஒரு லிட்டர். ஓர் அளவுக் குவளையும் ஒரு நாள் கவனிப்பும் இருந்தால் வீட்டிலேயே தெரிந்துவிடும் விஷயம் இது.

தசைகள் தளர்கின்றன, கொழுப்பு வயிற்றுக்கு இடம்மாறுகிறது, கல்லீரல் வீங்குகிறது. வயிறு பானைபோல் ஆவதற்கு இவை மூன்றும் காரணம். தோல் காகிதம்போல் மெலிகிறது, புண் ஆறத் தாமதமாகிறது, சிறுநீர்த் தொற்று திரும்பத் திரும்ப வருகிறது. பாதிக்கப்பட்ட நாய்களில் பலவற்றுக்கு ரத்த அழுத்தம் கூடுகிறது. சிறுநீரில் புரதம் கசிகிறது. கடைசியாகச் சொன்ன இரண்டும் ரத்தக்கட்டிக் கதையில் முக்கியமானவை.

ரத்தம் ஏன் உறைகிறது?

ஆரோக்கியமான உடலில் ரத்தம் உறைவதும் கரைவதும் ஒன்றையொன்று சமன்செய்தபடியே நடக்கின்றன. வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர் தேவையான இடத்தில் மண்ணை வெட்டிப்போட்டு மடையை அடைப்பார். வேலை முடிந்ததும் அதே மண்வெட்டியால் திறந்துவிடுவார். காயம்பட்ட இடத்தில் உடலும் இதைத்தான் செய்கிறது. குஷிங் நோயில் அடைக்கும் மண் குவிகிறது. திறந்துவிடும் கை கட்டப்படுகிறது.

ரத்தம் உறைய உதவும் புரதங்கள், குறிப்பாக ஃபைப்ரினோஜென், இந்த நாய்களிடம் கூடுதலாகக் காணப்படுகின்றன. தட்டணுக்களின் எண்ணிக்கையும் உயரக்கூடும். உறைதலுக்குக் கடிவாளம் போடும் ஆன்டித்ராம்பின் என்ற புரதம் குறையலாம். சிறுநீரில் புரதம் கசியும் நாய்களில் அதுவும் சேர்ந்து வெளியேறிவிடுகிறது. உருவான கட்டியைக் கரைக்கும் ஏற்பாட்டையே தடுக்கும் இன்னொரு புரதம் கூடுகிறது. ஒவ்வொரு நாயிடமும் இவையெல்லாம் ஒரே அளவில் இருப்பதில்லை. ஆனால், எல்லாம் ஒரே திசையில்தான் தள்ளுகின்றன.

ஜெர்மானிய மருத்துவ அறிஞர் ருடால்ஃப் விர்கோவின் பெயரால் மருத்துவ மாணவர்கள் இன்றும் மூன்று காரணங்களைப் படிக்கிறார்கள்: ரத்தத்தின் தன்மை மாறுவது, நாளத்தின் சுவர் கெடுவது, ஓட்டம் மந்தமாவது. இந்த மூன்றும் சேரும் இடத்தில் ரத்தக்கட்டி பிறக்கிறது. குஷிங் நோயுள்ள நாயிடம் மூன்றையும் காணலாம். ரத்தம் மாறியிருக்கிறது. உயர் ரத்த அழுத்தம் நாளச் சுவரைத் தாக்குகிறது. தசை தளர்ந்து, எடை கூடி, நாள் முழுதும் படுத்தே கிடப்பதால் ஓட்டமும் மந்தமாகிறது.

இந்த விர்கோதான் 1840-களில் நாய்களின் கழுத்து நாளத்தில் கட்டிகளைச் செலுத்தி, அவை ரத்தத்தோடு பயணம் செய்து நுரையீரலில் போய் அடைத்துக்கொள்வதைக் காட்டியவர். நுரையீரல் நாளத்தில் காணப்படும் கட்டி அங்கேயே உருவானதாக இருக்க வேண்டியதில்லை, வேறிடத்திலிருந்து வந்ததாகவும் இருக்கலாம் என்பதை மனித மருத்துவம் நாய்களிடமிருந்தே கற்றது.

1981-ன் மூன்று நாய்கள்

இந்த ஆபத்து ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 1981-ல் அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழ், குஷிங் நோயோடு நுரையீரல் தமனியில் ரத்தக்கட்டியும் ஏற்பட்ட மூன்று நாய்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டது. அதன் பிறகு இந்த இணைப்பு பாடநூல்களில் இடம்பிடித்தது. நுரையீரலில் கட்டி அடைத்த நாய்களை ஆராய்ந்தவர்கள் அவற்றுக்கு இருந்த நோய்களின் பட்டியலில் குஷிங் நோயையும் கண்டார்கள். நுரையீரலில் மட்டுமல்ல; கல்லீரலுக்குப் போகும் நாளத்திலும், மண்ணீரல் நாளத்திலும், பின்னங்கால்களுக்கு ரத்தம் கொண்டுசெல்லும் பெருந்தமனியிலும்கூடக் கட்டிகள் பதிவாகியிருக்கின்றன.

அட்ரினல் கட்டியுள்ள நாய்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். அந்தக் கட்டி சில நாய்களில் பக்கத்தில் ஓடும் பெரிய சிரைக்குள்ளேயே வளர்ந்து நுழைந்துவிடும். அதை அறுவை சிகிச்சையில் அகற்றும்போதும், அகற்றிய பிறகு வரும் நாட்களிலும் நுரையீரல் அடைப்பு அறுவை மருத்துவர்கள் அஞ்சும் சிக்கல்களில் ஒன்று.

மனிதர்களிடமும் இதே நிலைதான். குஷிங் நோயுள்ளவர்களுக்குச் சிரைகளில் ரத்தம் உறையும் ஆபத்து மற்றவர்களைவிடப் பல மடங்கு என்று நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்களுக்குத் தெரியும். 2021-ல் வெளியான சர்வதேச வல்லுநர்களின் வழிகாட்டல், அபாயம் உள்ள நோயாளிகளுக்கு, குறிப்பாக அறுவை சிகிச்சையை ஒட்டிய காலத்தில், உறைதல் தடுப்பு மருந்தைக் கருதும்படி சொல்கிறது. மனிதர்களில் இயற்கையான குஷிங் நோய் மிக அரிது. பத்து லட்சம் பேரில் ஆண்டுக்கு ஒரு சிலருக்கே வருகிறது. நாய்களிலோ ஆயிரத்துக்கு ஒன்று, இரண்டு என்ற அளவில் மதிப்பிடப்படுகிறது. நாய் மருத்துவத்தில் இது அன்றாடம் எதிர்ப்படக்கூடிய நோய். அதனால்தான் ரத்தக்கட்டியைப் பற்றிய மௌனம் உறுத்துகிறது.

மூச்சிரைப்பு ஏமாற்றும்

இந்த நோயில் ஒரு கொடுமை உண்டு. மூச்சு வாங்குவது குஷிங் நோயின் சாதாரண அறிகுறி. நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்தாலும் முதலில் தெரிவது மூச்சு வாங்குவதுதான். மாதக்கணக்கில் இரைத்துக்கொண்டிருக்கும் நாயைப் பார்த்துப் பழகிய வீட்டாருக்கு, இன்று இரைப்பது வேறு இரைப்பு என்று தோன்றாமல் போகிறது. ஏப்ரல், மே மாத வெயிலில் எல்லா நாயும்தான் நாக்கைத் தொங்கவிடும். சந்தேகம் இன்னும் தள்ளிப்போகிறது.

வித்தியாசம் தெரியாமல் இல்லை. ஆழ்ந்து தூங்கும் நாய் நிமிடத்துக்கு 30 முறைக்குக் குறைவாகவே மூச்சு விடும். வாரத்தில் சில நாட்கள், குளிர்ந்த அறையில் நாய் தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணிக் குறித்துவைத்தால், அந்த நாயின் வழக்கமான எண்ணிக்கை கையில் இருக்கும். அந்த எண்ணிக்கை திடீரென உயர்ந்தாலோ, நாய் படுக்க முடியாமல் முன்னங்கால்களை அகட்டி நின்று மூச்சுக்குத் திணறினாலோ, ஈறு வெளிறியோ நீலம் பாய்ந்தோ தெரிந்தாலோ, மயங்கி விழுந்தாலோ அது வழக்கமான இரைப்பு அல்ல. விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

பின்னங்காலில் அடைப்பு ஏற்பட்டால் படம் வேறு. கால் திடீரென இழுத்துக்கொள்ளும். தொட்டால் மற்ற கால்களைவிடக் குளிர்ந்திருக்கும். வலியால் நாய் கத்தும். சில நாய்களில் நடக்கும்போது மட்டும் கால் தளர்ந்து, ஓய்வெடுத்ததும் சரியாவதுபோல் மெதுவாகவும் வரும். டாஷ்ஹண்ட் போன்ற இனங்களுக்கு முதுகெலும்புத் தட்டு விலகுவது வழக்கம் என்பதால் இதையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிடும் வாய்ப்பு அதிகம். தொடை இடுக்கில் நாடித் துடிப்பு இருக்கிறதா என்று கைவைத்துப் பார்க்கும் ஒரு நிமிடப் பரிசோதனை இரண்டையும் பிரித்துக் காட்டக்கூடும்.

மருத்துவமனைக்கு வந்த பிறகும் கண்டுபிடிப்பது எளிதல்ல. நாய் மூச்சுக்குத் தவிக்கும்; மார்பு எக்ஸ்ரேயில் பெரிதாக ஒன்றும் தெரியாது. அனுபவமுள்ள மருத்துவர்கள் அந்த முரண்பாட்டையே துப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். உறுதிப்படுத்தச் சாயம் செலுத்தி எடுக்கும் சி.டி. ஸ்கேன் வேண்டும், திணறும் நாயை அதற்குக் கொண்டுபோவதே ஆபத்து. வழக்கமாகச் செய்யப்படும் ரத்தம் உறையும் நேரச் சோதனைகள் ரத்தம் உறையாமல் போகும் கோளாறைக் காட்டுவதற்கானவை. எளிதில் உறையும் போக்கை அவை பெரும்பாலும் காட்டுவதில்லை. அந்தப் போக்கை அளக்க, 1948-ல் ஜெர்மனியில் ஹார்ட்டர்ட் உருவாக்கிய த்ரோம்போ எலாஸ்டோகிராபி என்ற முறை உதவுகிறது. ஆனால், அந்தக் கருவி பெரிய மருத்துவமனைகளையும் ஆராய்ச்சிக்கூடங்களையும் தாண்டி வருவதில்லை. எனவே, கட்டி வந்த பிறகு துரத்துவதைவிட, வரக்கூடிய நாய் எது என்று முன்கூட்டியே கணிப்பதே நடைமுறைக்கு ஒத்த வழி.

எல்லா நாய்க்கும் மருந்து வேண்டுமா?

வேண்டாம் என்பதே இன்றைய பதில். இதை அழுத்திச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் விழிப்புணர்வே ஆபத்தாக மாறிவிடும்.

கால்நடைத் தீவிர சிகிச்சை வல்லுநர்கள் பலர் சேர்ந்து, உறைதல் தடுப்பு மருந்துகளை யாருக்கு, எப்படிக் கொடுக்கலாம் என்று அதுவரை வெளியான ஆய்வுகளை அலசி 2019-ல் ஒரு வழிகாட்டலை வெளியிட்டார்கள். நோயெதிர்ப்பு ஆற்றலே சிவப்பணுக்களை அழிக்கும் ரத்தசோகையும், சிறுநீரகம் வழியே புரதம் பெருமளவு கசியும் நோயும் உள்ள நாய்களுக்கு ரத்தக்கட்டி ஆபத்து மிக அதிகம். அவற்றுக்குத் தடுப்பு மருந்து தேவை என்று அது பரிந்துரைத்தது. குஷிங் நோயைப் பொறுத்தவரை, அதற்கும் ரத்தக்கட்டிக்கும் இடையே வலுவான தொடர்பை நிறுவச் சான்றுகள் போதவில்லை என்றும், வேறு அபாயக் காரணங்களும் கூடியிருக்கும் நாய்களுக்கு மருந்தைக் கருதலாம் என்றும் சொன்னது.

இந்த முடிவைச் சிலர் ‘கவலை வேண்டாம்’ என்று படிக்கிறார்கள். அது தவறான வாசிப்பு. குஷிங் நோயுள்ள நாய்களில் பெரும்பாலானவை ரத்தக்கட்டி இல்லாமலே வாழ்கின்றன என்பது உண்மை. ஆனால், எந்த நாய் அந்தப் பெரும்பான்மையில் சேரும், எது சேராது என்று ஒவ்வொரு நாயையும் வைத்துப் பார்க்கும் பொறுப்பைத்தான் வழிகாட்டல் மருத்துவரிடம் ஒப்படைக்கிறது. சிறுநீரில் புரதம் கசிகிறதா? ரத்த அழுத்தம் எவ்வளவு? உடல் பருமன் உண்டா? அட்ரினலில் கட்டியா, அது சிரைக்குள் நுழைந்திருக்கிறதா? அறுவை சிகிச்சை வரப்போகிறதா? கழுத்து நாளத்தில் குழாய் பல நாட்கள் இருக்கப்போகிறதா? இந்தக் கேள்விகளுக்குச் சிறுநீர்ச் சோதனையும், அழுத்தமானியும், வயிற்று ஸ்கேனுமே பெரும்பாலும் விடை தந்துவிடும்.

தமிழ்நாட்டில் இன்னொரு கேள்வியும் கேட்டாக வேண்டும். இங்கே உண்ணிக் காய்ச்சல் சாதாரணம். உண்ணிகள் பரப்பும் எர்லிக்கியா கிருமி தட்டணுக்களைச் சரித்துவிடும். பேபீசியா சிவப்பணுக்களை அழிக்கும். தட்டணு குறைந்த நாய்க்கு உறைதல் தடுப்பு மருந்து கொடுத்தால் ரத்தக்கசிவு ஏற்படலாம். எனவே, மருந்தைத் தொடங்கும் முன் தட்டணு எண்ணிக்கையைப் பார்க்காமல் இருக்க முடியாது. குளிர்நாடுகளில் எழுதப்பட்ட மருந்துப் பட்டியலை இங்கே அப்படியே பின்பற்ற முடியாததற்கு இது ஒரு காரணம்.

வீட்டில் இருக்கும் ஆஸ்பிரினை எடுத்து நாய்க்குக் கொடுப்பது இன்னும் பெரிய தவறு. ஸ்டீராய்டும் ஆஸ்பிரினும் சேர்ந்தால் இரைப்பையில் புண் வந்து ரத்தம் கசியலாம். குளோப்பிடோக்ரெல், ஹெப்பாரின், ரிவராக்சபான் எல்லாமே கால்நடை மருத்துவத்தில் பயன்படும் மருந்துகள்தாம். ஆனால், எது, எவ்வளவு, எத்தனை நாள் என்பது அந்த நாயைப் பரிசோதித்த மருத்துவர் சொல்ல வேண்டியது.

மூல நோய்க்குச் சிகிச்சை தொடங்கிவிட்டால் ரத்தக்கட்டிப் பயமும் போய்விடும் என்று எண்ணுவது இயல்பு. அட்ரினல் சுரப்பி கார்டிசாலைத் தயாரிக்கும் வழியைத் தடுக்கும் டிரைலோஸ்டேன் 2008-ல் அமெரிக்காவில் நாய்களுக்கான மருந்தாக அங்கீகாரம் பெற்றது. இன்று முதலில் கைகொடுக்கும் மருந்து அதுவே. தாகமும் பசியும் சில வாரங்களில் குறைகின்றன. முடி மெல்ல வளர்கிறது. ஆனால், சிகிச்சைக்குப் பிறகும் ரத்தம் எளிதில் உறையும் போக்கு முழுமையாக மறையவில்லை என்று 2013-ல் வெளியான ஆய்வு காட்டியது. நாய் வெளியே தேறித் தெரியும் காலத்திலும் உள்ளே ஆபத்து மிச்சம் இருக்கலாம். மறு பரிசோதனைக்கு வரும்போதெல்லாம் ரத்த அழுத்தத்தையும் சிறுநீர்ப் புரதத்தையும் பார்ப்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

நாம் கொடுக்கும் குஷிங் நோய்

பிட்யூட்டரியில் கட்டி வருவதை யாராலும் தடுக்க முடியாது. மருந்தால் வரும் குஷிங் நோயை முழுவதுமாகத் தடுக்கலாம். இந்தக் கட்டுரை மிகுந்த கவலையோடு முன்வைக்கும் பகுதி இதுவே.

1948-ல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் பிலிப் ஹெஞ்ச் மூட்டுவாதத்தால் முடங்கிக்கிடந்த ஒரு பெண்ணுக்குக் கார்டிசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைக் கொடுத்தார். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தது உலகத்தை வியக்கவைத்தது. 1950-ல் ஹெஞ்ச் உள்ளிட்ட மூவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கூடவே, அதிக அளவில், அதிக நாள் கொடுத்தால் குஷிங் நோயின் அறிகுறிகளே வருகின்றன என்பதும் சில ஆண்டுகளிலேயே தெரிந்துபோனது. அந்த வழியில் வந்தவைதாம் பிரெட்னிசோலோனும் டெக்சாமெத்தசோனும்.

நாய்க்கு அரிப்பு என்றதும் ஒரு ஸ்டீராய்டு ஊசி. இரண்டே நாளில் சொறிவது நிற்கிறது, எல்லோருக்கும் நிம்மதி. மாதம் கழித்து அரிப்பு திரும்புகிறது, மறுபடி ஊசி. ஊசியின் பெயர் சீட்டில் இல்லை. மருத்துவமனை மாறினால் புதிய மருத்துவருக்குப் பழைய கதை தெரியாது. இடையில் வீட்டார் மருந்துக்கடையில் பழைய சீட்டைக் காட்டி மாத்திரை வாங்கிக் கொடுக்கிறார்கள். உடலில் நீண்ட நாள் தங்கும் வகை ஊசி என்றால் விளைவு வாரக்கணக்கில் நீடிக்கும். காதில் விடும் சொட்டு மருந்திலும், தோலில் தடவும் களிம்பிலும்கூட ஸ்டீராய்டு இருக்கலாம். உண்ணியோ பூஞ்சையோ ஒவ்வாமையோ, அரிப்பின் காரணம் அப்படியே இருக்கிறது. நாய்க்குக் குஷிங் நோய் சேர்ந்துகொள்கிறது.

ரத்தம் உறையும் போக்கும் சேர்ந்தே வருகிறது. கனடாவின் மான்ட்ரியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த பீகிள் நாய்களுக்கு பிரெட்னிசோன் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த ஆரோக்கியமான நாய்களிடமும் ரத்தம் எளிதில் உறையும் போக்கு தோன்றியதை 2011-ல் வெளியிட்டார்கள். ஏற்கெனவே பருமனாக, சிறுநீரகம் பழுதாகி இருக்கும் முதிய நாய்க்குத் தொடர்ந்து ஸ்டீராய்டு போனால் என்ன ஆகும் என்று மருத்துவர்கள் யோசித்தே தீர வேண்டும்.

ஸ்டீராய்டு விஷமல்ல. நோயெதிர்ப்பு ஆற்றல் தன் ரத்தத்தையே அழிக்கும் நோயில் அது உயிர்காக்கும் மருந்து. அந்த நோயில் நாய்களைக் கொல்லும் முக்கியக் காரணங்களில் ஒன்று ரத்தக்கட்டி என்பதால், ஸ்டீராய்டோடு உறைதல் தடுப்பு மருந்தையும் மருத்துவர்கள் சேர்த்தே எழுதுகிறார்கள். ஆபத்தைத் தெரிந்துகொண்டு, அதற்கு ஈடுசெய்து, அளந்து கொடுக்கும் முறை அது. கேள்வி எழுவது, அளவும் காலமும் காரணமும் இல்லாமல் கொடுக்கப்படும் ஸ்டீராய்டைப் பற்றி மட்டுமே.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். இதைப் படித்துவிட்டு, நாய் நெடுநாளாகச் சாப்பிட்டுவரும் ஸ்டீராய்டை யாரும் இன்றே நிறுத்திவிடக் கூடாது. வெளியிலிருந்து மருந்து வந்துகொண்டிருந்த காலத்தில் அதன் அட்ரினல் சுரப்பிகள் சுருங்கி உறங்கிப்போயிருக்கும். திடீரென நிறுத்தினால் வாந்தி, தளர்ச்சி, அதிர்ச்சி என்று நாய் சாய்ந்துவிடும். மருத்துவர் சொல்லும் அட்டவணைப்படி படிப்படியாகக் குறைப்பதே வழி.

நாய்களுக்குப் பட்ட கடன்

இந்த நோய்க்குத் தன் பெயரைத் தந்த ஹார்வி குஷிங், அமெரிக்க மூளை அறுவை மருத்துவர். 1912-ல் வெளியிட்ட நூலில் இந்த நோயின் அறிகுறிகளோடு வந்த ஓர் இளம்பெண்ணைப் பற்றி எழுதினார். 1932-ல் பிட்யூட்டரிக் கட்டியே இதற்குக் காரணம் என்று விரிவாக விளக்கினார். அதற்கு முன், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் அவர் பிட்யூட்டரியின் வேலையைக் கற்றது நாய்களிடம் செய்த சோதனைகளில். அதே பல்கலைக்கழகத்தில் 1916-ல் ஜே மெக்லீன் என்ற மருத்துவ மாணவர் நாயின் கல்லீரலிலிருந்து ரத்தம் உறைவதைத் தடுக்கும் பொருள் ஒன்றைப் பிரித்தெடுத்தார். அந்த வழியில் வந்ததுதான் இன்று உலகெங்கும் இதய, நுரையீரல் நோயாளிகளைக் காப்பாற்றும் ஹெப்பாரின். 1949-ல் பூச்சிக்கொல்லி வேதிப்பொருள் ஒன்றை நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது அவற்றின் அட்ரினல் சுரப்பி சுருங்கியது தெரியவந்தது. அதிலிருந்து பிறந்த மைட்டோட்டேன் இன்றும் மனிதர்களின் அட்ரினல் புற்றுநோய்க்கு மருந்தாக இருக்கிறது.

கார்டிசாலைப் பற்றியும் ரத்தக்கட்டியைப் பற்றியும் மனித மருத்துவம் தெரிந்துகொண்டவற்றில் பெரும்பகுதி நாய்களின் உடலில் எழுதப்பட்டது. அந்த அறிவு நாய்களுக்கே வந்துசேரத் தாமதமாவது நியாயமில்லை.

செய்யக்கூடியவை

வேண்டியவை பெரும் செலவு பிடிப்பவை அல்ல. குஷிங் நோய் உறுதியாகும் நாளில் மருத்துவர் ரத்த அழுத்தத்தையும் சிறுநீர்ப் புரதத்தையும் தட்டணு எண்ணிக்கையையும் பார்த்துச் சீட்டில் குறிக்கலாம். மூச்சுத் திணறல், ஈறின் நிறம், குளிர்ந்த கால் ஆகிய மூன்று எச்சரிக்கைகளையும், இரவில் அழைக்க வேண்டிய தொலைபேசி எண்ணையும் தமிழில் ஒரு தாளில் எழுதி வீட்டாரிடம் தரலாம். பல் சுத்தம் செய்வது உள்ளிட்ட எந்த மயக்க மருந்துச் சிகிச்சைக்குப் போனாலும் ‘என் நாய்க்குக் குஷிங் இருக்கிறது’ என்று முதலில் சொல்லும்படி வீட்டாருக்குக் கற்றுத்தரலாம். எடையைக் குறைப்பதும், தினம் சிறிது தூரமாவது நடத்திச் செல்வதும் வீட்டாரின் பங்கு.

ஸ்டீராய்டு ஊசி போடும் ஒவ்வொரு முறையும் மருந்தின் பெயர், அளவு, தேதி மூன்றும் நாயின் தடுப்பூசி அட்டையிலேயே எழுதப்பட வேண்டும். அந்த அட்டை எங்கு போனாலும் நாயோடு போகிறது. அடுத்த மருத்துவர் முதலில் கேட்பதும் அதைத்தான். மருத்துவர் சீட்டு இல்லாமல் பிரெட்னிசோலோன் விற்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது. மருந்துக்கடைகள் அதை நாய்களுக்கும் பொருந்துவதாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டுக் கால்நடை மருத்துவத்துக்கு நீண்ட மரபு உண்டு. வேப்பேரியில் 1903 முதல் இயங்கும் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியும், 1989-ல் உருவான தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் தங்களிடம் வரும் குஷிங் நோயுள்ள நாய்களின் பதிவேட்டைத் தொடர்ந்து பேணி, எத்தனை நாய்களுக்கு மருந்தால் நோய் வந்தது, எத்தனை நாய்களுக்கு ரத்தக்கட்டி ஏற்பட்டது, அவற்றில் எத்தனைக்கு முன்பே உண்ணிக் காய்ச்சல் இருந்தது என்று ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். வெயிலும் உண்ணியும் சேர்ந்த இந்தச் சூழலில் யாருக்கு உறைதல் தடுப்பு மருந்து தேவை, யாருக்கு ஆபத்து என்பதை முடிவுசெய்ய அந்தக் கணக்கு மாவட்டக் கால்நடை மருத்துவமனையில் அமர்ந்திருக்கும் இளம் மருத்துவருக்கு உடனடியாகப் பயன்படும்.